ஒரே நாளில் இரண்டு வாய்தா

ஜனவரி 9

தம்பிக்கு,

போன வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று நீ கத்தியதில் பாதிதான் எனக்குக் கேட்டது. என்னைச் சுற்றிலும் எல்லோரும் அவரவர் வீட்டு ஆளிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் கடிதமே மேல் என்று தோன்றியது. இதிலாவது நான் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேட்பாய்.

கேட்ட பாதியில் முக்கியமானது இது: “ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் ஜாமீன் வாங்கித் தர்ற. கூடப் பொறந்தவன்னா மட்டும் உனக்குச் சட்டம் ஞாபகம் வருதா?”

ஆமாம், வருகிறது. எங்கள் சட்ட உதவி மையத்தில் இருப்பது ஒரே ஒரு வக்கீல். வக்கீல் வைக்க வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்களுக்காக ஓர் அறக்கட்டளை கொடுக்கும் நிதியில்தான் அவருக்குச் சம்பளம், எனக்குச் சம்பளம், இந்த மாடிக்கு வாடகை. ஜூனோடு அது முடிகிறது. தொடர்ந்து தருவார்களா என்பது அவர்கள் மனசு. அதுவரை வந்த வரிசைப்படிதான் ஒவ்வொருவரையும் எடுக்கிறோம். அந்த வரிசையைப் போட்டவள் நான். முதல் நாளே வக்கீலம்மாவிடம், “சிபாரிசுன்னு யார் வந்தாலும் கடைசியில போடுங்க, நானே வந்தாலும் சரி” என்று வாய்கிழியப் பேசியவளும் நான்தான். இப்போது நானே வந்து நிற்கிறேன்.

உன் வேனில் ஏற்றிய அட்டைப்பெட்டிகளில் திருட்டுப் போன்கள் இருந்தது உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினாய். இறக்குவதற்குள் பிடித்துவிட்டார்கள். நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் உனக்கு முன்னால் இருக்கிறவர்களுக்கும் அக்கா தங்கை இருக்கிறார்கள். அவர்களும் படியேறி வந்து என் மேசை முன்னால்தான் உட்காருகிறார்கள்.

வெளியே தனியாக ஒரு வக்கீல் வைக்க நம்மால் ஆகாது. அது உனக்கும் தெரியும்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நேற்று மட்டும் வாயைத் திறந்தாள். “முதல்ல என் புள்ளையை வெளிய கொண்டு வா. அப்புறம் ஊருக்கு நியாயம் பேசலாம்.”

போர்வை அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா என்று எழுது.

அக்கா

*

ஜனவரி 21

அக்கா,

முதலில், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் சாருக்கு வணக்கம். உங்களைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை சார். எல்லாம் எங்கள் குடும்பச் சண்டை.

போர்வை வந்தது. வந்த அன்றே வேறு யாரோ போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். எனக்குப் பரவாயில்லை. வரிசைப்படி ஒரு நாள் என்னிடமும் வரும் என்று காத்திருக்கிறேன். நம் குடும்பத்துக்கு வரிசை முக்கியம் அல்லவா.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒவ்வொரு வரியும் சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒரு வரியாவது தப்பாக எழுதியிருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். எனக்கு வாங்கிய மிட்டாயைக்கூடத் தெருப்பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, “அழக்கூடாது, இதுதான் நியாயம்” என்பாய். நான் நியாயத்துக்கு அழவில்லை அக்கா, மிட்டாய்க்குத்தான் அழுதேன்.

இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்கிறாயா? கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். படுக்கும் இடம் ஓர் ஆள் அகலம். வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் கமா.

கமா என்பது ஒரு மனிதர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பயங்கரமான திக்குவாய். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று வருவதால், நான் வருவதற்கு முன்பே யாரோ அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். காலையில் “தண்ணி வந்துடுச்சு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அப்படியும் தினமும் என்னை எழுப்பிச் சொல்கிறார். பேச்சே வராதவருக்கு என்னிடம்தான் பேச வேண்டுமாம். என் தலையெழுத்து.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொய் சொல்வது உனக்கு வராது, ஆனாலும் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 6

தம்பிக்கு,

மிட்டாய் விஷயத்தை இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தாயா? எனக்கு நினைவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். உன் வயதுதான் இருக்கும். நல்ல பெண். நான் கொடுத்த டீயை மறுக்காமல் குடித்தாள். எங்கள் மாடி முன்பு ஃபோட்டோ ஸ்டூடியோவாக இருந்ததல்லவா, படம் கழுவிய இருட்டறையில்தான் வக்கீலம்மா கட்சிக்காரர்களோடு தனியாகப் பேசுவார். அதைப் பார்த்து, “ரொம்ப அழகான ஐடியாங்க” என்றாள். கதவைச் சாத்தினால் பேச்சு வெளியே வராது, காற்றும் உள்ளே வராது என்று நான் சொல்லவில்லை.

பிறகு கேட்டாள். “இதுவரைக்கும் எத்தனை பேர் வெளிய வந்திருக்காங்க?”

சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடிவிட்டாள்.

“நீங்க எடுத்திருக்கிற கேஸ் எல்லாம் ரொம்பக் கஷ்டமானதுன்னு எனக்குப் புரியுது. ஆனா எங்க குழுவுல உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்குப் புரியாது. அவங்க எண்ணிக்கையைத்தான் பார்ப்பாங்க. வேற நிறைய மையங்களும் கேட்டிருக்காங்க.”

அவள் தெருவில் இறங்கிப் போவதை வக்கீலம்மா ஜன்னலருகே நின்று பார்த்தார். அப்புறம், “முகவரி இருக்கிறவங்க, ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறவங்க, இவங்களை முதல்ல எடுப்போமா? நாலு பேர் வெளிய வந்தா மையம் நிக்கும். மையம் நின்னாத்தானே மத்தவங்களுக்கு ஏதாவது பண்ண முடியும்?” என்றார்.

முடியாது என்றேன். சொல்லும்போது குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. அதை உன்னிடம் மறைப்பானேன்.

நீ எழுதிய பெயின்டர் எங்கள் வரிசையில் இருப்பவர்தான். உனக்கு மிகவும் முன்னால். அவருக்காக ஆஜராகிறோம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வக்கீலம்மா ஒரு முறை அவரை வந்து பார்த்திருக்கிறார். கொடுத்த நேரத்துக்குள் அவரால் எதையும் சொல்லி முடிக்க முடியவில்லை. பழைய வாய்தாக்களில் எல்லாம், கேட்ட கேள்விக்குப் பதில் தரவில்லை என்று மட்டும் எழுதி அடுத்த தேதி போட்டிருக்கிறார்கள். அவருக்கு எழுதப் படிக்கவும் தெரியாதாம்.

உன்னிடம் பேசுகிறார் என்றாயே. பொறுமையாகக் கேட்டு, நடந்ததை அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பு. எனக்காக இல்லை. உனக்கும் பொழுது போகும்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

பொழுது போனது. முழுசாக மூன்று நாள் போனது.

ஒரு வீட்டில் படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறார். வேலை முடிகிற நாள், வீட்டுக்கார அம்மாவின் சங்கிலியைக் காணோம். வெளி ஆள் இவர் ஒருவர்தான். போலீஸ் வந்து, “எங்கடா வெச்ச?” என்று கேட்டிருக்கிறது. இவர் வாயைத் திறந்து முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார். வந்தவர் சிரித்துக்கொண்டே, “பாருங்க, பொய்யை யோசிக்கிறான்” என்றாராம். அதோடு முடிந்தது. வீடு என்று ஒன்று இல்லை. வேலை நடக்கிற கட்டடத்திலேயே படுத்துக்கொள்வார், முடிந்ததும் அடுத்த கட்டடம். மனைவி முன்னமே இறந்துவிட்டாள். ஜாமீனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சங்கிலியைத் தேடுவதை அந்த வீட்டாரே விட்டிருப்பார்கள்.

இதைச் சொல்லி முடிக்கத்தான் மூன்று நாள். முதல் நாள் எனக்குப் பொறுமையே இல்லை. அவர் தொடங்கிய சொல்லை நானே முடித்து வைத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “எ… என் பே… பேச்சு” என்றார். அப்புறம் நான் வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் எல்லாம் வருகிறது அக்கா. நேரம்தான் ஆகிறது. அவர் வண்ணம் கலக்கும் விதத்தைச் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். ஒரே சுவரில் காலை வெயில் படும் பக்கத்துக்கு ஒரு சொட்டு அதிகமாகக் கலப்பாராம், இல்லையென்றால் வெளிறித் தெரியுமாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அவருக்கு ‘ஆமா’ என்ற சொல் சுலபமாக வருகிறது. ‘இல்லை’ வரவே மாட்டேன் என்கிறது. ‘இ’யிலேயே நின்றுவிடுகிறார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு. அதனால் ‘செய்யலை’ என்று சொல்லச் சொல்லிப் பழக்குகிறேன். குழாயடியில் தினமும் பயிற்சி. மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நேற்று சட்டென்று சொல்லிவிட்டார். குழாயடியே கை தட்டியது. ஒரு வார்டர்கூடத் தட்டினார்.

“கோர்ட்ல வருமா?” என்று கேட்டேன். “யா… யாராவது பக்கத்துல நி… நின்னா வரும்” என்றார். எங்க அக்கா ஆபீஸ் வக்கீலம்மா கட்டாயம் பக்கத்தில் நிற்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். மார்ச் 19 அவர் வாய்தா.

போன கடிதத்தில் கோபத்தில் எழுதியதை விட்டுவிடு. எனக்கு வெளியே நீ இருக்கிறாய், அம்மா இருக்கிறாள். நான் காத்திருக்கலாம். இவரை முதலில் எடு.

உன் தம்பி

*

மார்ச் 14

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உன் ஜாமீன் மனு 19ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. கையெழுத்துப் போட நான் வருகிறேன். சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள். தாடியை எடுத்துவிடு. நீதிபதி கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கிண்டல் வேண்டாம்.

பெயின்டரைப் பற்றிக் கவலைப்படாதே. ஏற்பாடு செய்கிறோம்.

அம்மா உன் அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டாள்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

சித்தப்பா வீட்டு மாடியறையிலிருந்து எழுதுகிறேன். நீ போன் செய்வதை நிறுத்து. போனில் பேசினால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அம்மாவிடம் இங்கே வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான், ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வேலை. கோர்ட்டில் கொடுத்த முகவரி உன் வீடு என்பது நினைவிருக்கிறது. வாய்தா தவறாமல் வந்துவிடுவேன். எனக்காகக் கையெழுத்துப் போட்ட உன்னை மாட்டிவிட மாட்டேன்.

19ஆம் தேதி ஜெயில் வண்டியில் கமாவையும் என்னையும் ஒரே விலங்கில் பூட்டியிருந்தார்கள். அது உனக்குத் தெரியாது. வழியெல்லாம் ‘செய்யலை, செய்யலை’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்தில் ஏழு தடவை தடங்கலில்லாமல் வந்தது. கோர்ட் வராந்தாவில் விலங்கைக் கழற்றி என்னை இந்தப் பக்கமும் அவரை அந்தப் பக்கமும் கூட்டிப் போனார்கள். நீயும் வக்கீலம்மாவும் என் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள்.

“அவருக்கு யாரு நிக்கிறா?” என்று கேட்டேன். “அதெல்லாம் பேசியாச்சு. நீ வாயை மூடிக்கிட்டு நில்லு” என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

அவர் வராந்தாக் கோடியில் இருந்த இன்னொரு கோர்ட் அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். என்னோடு வக்கீலம்மா நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. என் வேலை முடிந்ததும் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். கை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

ஜாமீனில் வெளியே வந்த அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா எனக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தாள். நீ சாப்பிடவில்லை. கமாவுக்கு என்ன ஆனது என்று கேட்டேன். “வாய்தா வாங்கியிருப்பாங்க” என்றாய். எனக்குப் பின்னால் விடுதலையாகி வந்த ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது, அவருக்கு அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்று.

உனக்கு அது அன்றைக்கே தெரியுமா? அதை மட்டும் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

தெரியும். அம்மா உனக்குப் பரிமாறும்போதே தெரியும்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உன் மனுவுக்கு நாள் கேட்டபோது கோர்ட் குமாஸ்தா, 19 அல்லது கோடை விடுமுறைக்குப் பிறகு என்றார். விடுமுறைக்குப் பிறகு என்றால் ஜூன். அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டியது மார்ச் கடைசி. அன்றைக்குப் பெயின்டருக்கும் வாய்தா இருப்பது எங்கள் இருவருக்குமே தெரியும். வக்கீலம்மா என்னிடம், “நீயே சொல்லு. உன் தம்பி கேஸ்ல நான் நின்னா அன்னைக்கே வெளிய வந்துடுவான். பெயின்டர் கேஸ்ல நின்னாலும் ஜாமீன் கிடைக்காது, கையெழுத்துக்கு ஆள் இல்ல. அவருக்கு எத்தனையோ வாய்தா போயிருக்கு, இன்னொண்ணு போனா என்ன?” என்றார்.

அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. எண்ணிக்கைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மையம் நிற்க வேண்டும், அதற்காக என்று. ஆனால் அந்த நிமிஷம் என் கண் முன்னால் இருந்தது மையம் இல்லை. நீ இல்லாத உன் அறை. “தம்பிக்கு நில்லுங்க” என்று நான்தான் சொன்னேன். வக்கீலம்மாவைத் திட்டாதே.

பெயின்டருக்கு வாய்தா கேட்டு ஒரு மனு எழுதி அனுப்பினோம். அது கோடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் ஆஜராகிறோம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் வேறு வக்கீலை ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருந்தால் அவருக்கு யாராவது கிடைத்திருப்பார்கள்.

அந்த அறையில் இருந்த டைப்பிஸ்ட் பெண்ணைத் தேடிப்போய்க் கேட்டேன். நீதிபதி, “திருடினியா?” என்று கேட்டாராம். இவர் வாயைத் திறந்து நின்றாராம். “சீக்கிரம், ஆமாவா இல்லையா?” என்றாராம். இவர் சுற்றிலும் பார்த்தாராம், யாரையோ தேடுவது போல. பின்னால் நின்ற போலீஸ்காரர் முதுகில் தட்டி, “ஐயா கேக்கிறார்ல, சொல்லு” என்றாராம். ‘இ… இ…’ என்று இழுத்தாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

“அப்புறம் ஆமான்னுட்டார்க்கா. தெளிவா வந்துச்சு. அதனால நானும் அடிச்சுட்டேன்” என்றாள் அந்தப் பெண். அவள் மேல் தப்பில்லை. அவளுக்குக் காதில் விழுந்ததுதானே.

குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதி அன்றைக்கே மூன்று வருஷம் போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே இருந்ததைக் கழித்தால் வரும் பிப்ரவரியில் விடுதலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு வழியாகத் தெரிந்து நீ கொதிக்க வேண்டாம். அறக்கட்டளைக்கு அனுப்பிய அறிக்கையில் உன் கதை போயிருக்கிறது. பெயரை மாற்றித்தான் எழுதினோம். அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். நீயும் நானும் அம்மாவும் சேர்ந்து மையத்தின் வாசலில் நிற்பது போல் ஒரு படம் கேட்கிறார்கள். முகம் தெரியாமல் எடுத்தாலும் போதுமாம்.

மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் வக்கீலம்மா. திக்குவாய் என்பதைக் காட்டினால் அந்த ‘ஆமா’ செல்லாது என்று வாதாடலாமாம். அவர் மனுவில் ஒரு கைநாட்டு வைத்தால் போதும். நான் போனேன். என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீ கூப்பிட்டால் வருவார். மனுவை இதனுடன் வைத்திருக்கிறேன். கைநாட்டு வாங்கி நேராக வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிடு. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா

*

மே 3

அக்கா,

படத்துக்கு வர மாட்டேன். உனக்கு அது தெரிந்துதான் கேட்டிருப்பாய்.

மனுவோடு போனேன். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நிற்பது எனக்கு இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் நிற்பதைவிட இது மோசம். கத்தினாலும் கேட்காது என்று தெரிந்தே கத்த வேண்டியிருக்கிறது. அவரால் கத்தவும் முடியாது. வார்டர் ஒருவர், அன்றைக்குக் குழாயடியில் கை தட்டியவர், எங்களை ஓரமாக நிற்கவிட்டார்.

இளைத்துவிட்டார். இரவில் இருமுகிறாராம். உள்ளே சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்க இவரைத்தான் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

மனுவைப் படித்துச் சொன்னேன். மேல்முறையீடு ஜெயித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தீர்ப்பை ரத்து செய்து வழக்கை முதலிலிருந்து நடத்துவார்கள் என்றேன். அதுவரைக்கும் எங்கே இருப்பது என்றார். உள்ளேதான் என்றேன். முடிய எவ்வளவு நாளாகும் என்றார். தெரியாது என்றேன். வேறென்ன சொல்வது?

தலையை ஆட்டினார். மனுவை மடித்துக் கம்பிவலை ஓட்டை வழியாக என் பக்கமே தள்ளிவிட்டார். அவர் சொன்னதை முழுக்க எழுதினால் தாள் போதாது. சுருக்கம் இதுதான்: வழக்குக்குக் கடைசி நாள் கிடையாது, தண்டனைக்கு இருக்கிறது. பிப்ரவரி என்று ஒரு மாதத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசில்லை. திருடன் என்ற பெயரோடு போனாலும் போகிறேன் என்கிறார்.

“எங்க அக்கா மேல கோபமா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது.

“கோ… கோபம் இ…” என்றார். அந்த ‘இ’யில் மாட்டிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருக்கு என்று சொல்ல வந்தாரா, இல்லை என்று சொல்ல வந்தாரா, தெரியவில்லை. மணி அடித்துவிட்டார்கள். எல்லோரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் போகும்போதும் வாய் அப்படியே திறந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. சொன்னால் உனக்கு வலிக்கும், ஆனாலும் சொல்கிறேன். அவருக்குக் கோபம் இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. உன் மேல் மட்டும் இல்லை. அன்றைக்கு நீதிபதி என் பெயரைக் கூப்பிட்டபோது, ‘கமாவுக்கு முதலில் வக்கீலை அனுப்புங்கள்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் திக்காது. சொல்லவில்லை. வெளியே போகப்போகிறோம் என்ற நினைப்பே வாயை அடைத்துவிட்டது.

அம்மாவுக்கு மருந்து வாங்கினாயா?

தம்பி

*

ஜூன் 28

தம்பிக்கு,

நிதி தொடரவில்லை. அந்தப் பெண்ணே போன் செய்து சொன்னாள். குரல் கம்மியிருந்தது. உன் கதையைக் குழுவில் எல்லோரும் பாராட்டினார்களாம். ஆனால் ஜெயிலுக்குள்ளேயே ஒரு பெரிய தொடுதிரைக் கருவியை வைத்து, கைதிகள் அதில் தொட்டுத் தொட்டுச் சட்டம் தெரிந்துகொள்ளும் திட்டம் ஒன்று வந்ததாம். ஒரே கருவி ஆயிரம் பேருக்குப் பயன்படுமாம். அதற்குக் கொடுத்துவிட்டார்கள். “உங்க வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துதுங்க” என்றாள். எனக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. அவளும் யாரையோ வரிசையில் பின்னால் தள்ளிவிட்டு வந்து பேசுகிறாள், அவ்வளவுதான்.

வக்கீலம்மா ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்துவிட்டார். மாடியைக் காலி செய்து கொடுத்தாயிற்று. எனக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் வேலை. அங்கேயும் வரிசைதான். யாராவது முன்னால் நுழைந்தால் இப்போதெல்லாம் நான் ஒன்றும் சொல்வதில்லை. பின்னால் நிற்பவர்கள் என்னைத்தான் முறைக்கிறார்கள். வரிசையில் மீதமிருந்தவர்களின் வீட்டாருக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

அம்மா மருந்து சாப்பிடுகிறாள். நான் ஒரு நாள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அவனுக்கு அம்மா இருக்காளா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நேற்றுப் பெயின்டரைப் பார்க்கப் போனேன். இந்த முறை வந்தார். நீ எழுதிய அந்த வார்டர்தான் ஓரமாக நிற்க இடம் கொடுத்தார். மையம் மூடிவிட்டது, இப்போது நான் எந்த ஆபீசிலிருந்தும் வரவில்லை என்றேன். அப்புறம் வழியில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், வெறுமனே சொன்னேன். “அன்னைக்கு உங்களுக்கு நிக்க வேண்டிய வக்கீலை என் தம்பிக்கு நிக்கச் சொன்னது நான்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. மன்னிச்சிருங்கன்னு கேக்க வரல. யார் பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியணும்.”

கம்பிவலைக்கு நெருங்கி வந்தார். உன்னிடம் சொல்ல வந்தது ‘இல்லை’யாக இருக்கும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் நான் போனேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

திட்டினார், தம்பி. கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு திட்டினார். என்னை, நம்மைப் பெற்றவளை, வக்கீலம்மாவை, நீதிபதியை, சங்கிலி போட்ட அந்த அம்மாவை. சில சொற்களை நான் அதுவரை கேட்டதே இல்லை. பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. ஓர் எழுத்தில்கூடத் தடங்கல் இல்லை. வார்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பாதியில் அவருக்கே அது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு கணம் நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

நான் குறுக்கே பேசவில்லை. மணி அடித்தது. இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பி என்னிடம், “இ… இன்னும் மு… முடியல” என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியிருக்கிறேன். போகிறேன்.

அக்கா